காவிரிக் கரையில் இருவர் உலா

நீர்த்துறைக்கு இணையராய்ச் சென்று ஒரு பகலைக் கழித்துவரும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. வையையில் புதுப்புனல் வந்தது என்னும் செய்தி பரவியதும் மதுரை மாநகரத்து மகளிரும் மைந்தரும் யானைமீதும் குதிரைமீதும் வண்டிகளிலும் விரைந்து கரை சேர்ந்ததைப் பரிபாடல் விரித்துரைக்கிறது. அந்நூலின் 70 பாடல்களில் நமக்கு முழுமையாகக் கிடைத்தவை 22 மட்டுமே. அவற்றுள் 8 பாடல்கள் வையையைப் பற்றியவை. திருமாலுக்கும் முருகனுக்கும் பக்கத்தில் ஓர் ஆற்றையும், அதன் கரையில் ஊடியும் கூடியும் உலாவிய காதலரையும் வைத்துப் பாடிய நூல் அது.

புகார் நகரத்துக் கதை வேறு வகையானது. இந்திர விழாவின் இறுதியில் கோவலனும் மாதவியும் கடலாடச் சென்றனர். புன்னை நிழலில் அமர்ந்தனர், யாழ் கைமாறியது. கோவலன் பாட எடுத்துக்கொண்ட முதற்பொருள் காவிரி. அவன் பாட்டு வேறொருத்தியை நெஞ்சில் வைத்துப் பாடியது என்று மாதவி கருதினாள்; யாழைத் தான் வாங்கினாள்; அவளும் காவிரியிலேயே தொடங்கி, தானும் வேறொரு குறிப்புடையவள்போலப் பாடினாள். கோவலன் அவளை விட்டு எழுந்து போனான். கானல்வரியின் இனிமையில் மயங்கி நாம் மறந்துவிடுகிற செய்தி, காவிரியைப் பாடத் தொடங்கிய அந்த இடத்திலேயே பிரிவும் தொடங்கிற்று என்பது. இதனை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. அது போகப்போக விளங்கும்.

இக்காலத்தில் காவிரிக் கரையில் இணையர் உலா என்றால் தென்னாட்டவர் நினைவுக்கு முதலில் வருவது மைசூரை அடுத்த பிருந்தாவனப் பூங்காவே. சேலம், தருமபுரி, ஈரோடு ஆகிய பகுதிகளிலிருந்து புறப்படும் இளந்தம்பதியர் பலர், மேட்டூரையும் கொளத்தூரையும் கடந்து, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, முதலில் மாதேஸ்வரன் மலை ஏறுவார்கள். அங்கே வழிபாட்டை முடித்துக்கொண்டு கொள்ளேகால் வழியாக மைசூர் சேர்வார்கள். மறுநாள் பிற்பகல் பூங்கா. தேனிலவு என்ற சொல்லை வீட்டில் வாய்விட்டுச் சொல்லக் கூசிய ஒரு தலைமுறை, 'மாதேஸ்வரனுக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது' என்று பெரியவர்களிடம் சொல்லிப் புறப்பட்டது. பெரியவர்களும் எல்லாம் அறிந்தே தலையசைத்தனர். அந்த வேண்டுதலுக்கும் அந்த உலாவுக்கும் நடுவே கிடக்கும் வரலாற்றைச் சற்றே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

மாதேஸ்வரன் மலை இன்று கருநாடகத்துச் சாமராசநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1997 வரை அது மைசூர் மாவட்டம். அதற்கும் முன்னே, 1956 நவம்பர் 1 ஆம் நாள் வரை, மலையை உள்ளடக்கிய கொள்ளேகால் வட்டம் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது அது மைசூருடன் சேர்ந்தது. ஆகவே நம் பாட்டனார் காலத்தில் மாதேஸ்வரன் மலைக்குப் போவது வெளிமாநிலப் பயணமன்று. சொந்த மாவட்டத்துக்குள் ஒரு நடை. கோடு இடம் மாறியது. மலையேறுவோரின் தடம் மாறவில்லை. இன்றும் அம்மலைப் படிகளில் தமிழும் கன்னடமும் ஒன்றோடொன்று கலந்தே ஒலிக்கின்றன.

மாதேஸ்வரன் புலிமேல் ஏறி வருபவன். மக்கள் நம்பிக்கையில் சிவனின் உருவம். ஏழுமலை, எழுபத்தேழு மலை என்று அடியவர் எண்ணிச் சொல்லும் அந்த மலைத்தொடரில் அவன் வரலாற்றைக் கம்சாளை என்னும் வெண்கலத் தாளத்தைத் தட்டிக்கொண்டு தேவரகுட்டர் இரவெல்லாம் பாடுவர். அந்த நெடுங்கதையில் சங்கம்மாவின் பகுதி நம் கவனத்துக்கு உரியது. கணவன் நீலேகௌடன் காட்டுக்குள் செல்லுமுன் மனைவியைச் சத்தியம் செய்து தரச் சொல்கிறான். தன் கற்புக்குச் சத்தியம் எதற்கு என்று அவள் மறுக்கிறாள். அவளைக் காட்டுக் குடிசையில் அடைத்துத் துன்புறுத்திவிட்டு அவன் போய்விடுகிறான். மாதேஸ்வரனே வந்து அவளைக் காத்து, பிள்ளை வரமும் தருகிறான். புதுமணத் தம்பதியர் வந்து தொழும் தலத்தில், ஐயத்தால் மனைவியைக் கொடுமை செய்த கணவனின் கதை பாடப்படுவது பொருத்தமா என்று சிலர் கேட்கக்கூடும். நமக்கு அதைவிடப் பொருத்தமான பாட்டு வேறொன்று தோன்றவில்லை.

மலையின் கிழக்கே காவிரி ஓடுகிறது. குடகில் பிறந்து, கண்ணம்பாடியில் தேங்கி, சீரங்கப்பட்டணத்தைத் தழுவி, தலக்காட்டு மணலைச் சூழ்ந்து, சிவசமுத்திரத்தில் அருவியாய் வீழ்ந்து, ஒகேனக்கல்லைக் கடந்து வரும் ஆறு, இம்மலைத்தொடரின் அடிவாரத்தில்தான் மேட்டூர் நீர்த்தேக்கத்துக்குள் புகுகிறது. எனவே மலையில் தொழுதுவிட்டுப் பூங்காவுக்குச் செல்லும் தம்பதியர் ஆற்றின் போக்குக்கு எதிராகப் பயணம் செய்கிறார்கள். அவர்கள் மேலே போக, ஆறு கீழே வருகிறது.

பூங்காவுக்கு முன்னே அணை. அணைக்கு முன்னே மின்சாரம். மின்சாரத்துக்கும் முன்னே பொன். இந்த வரிசை புலம்பெயர்ந்து வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மிகவும் வேண்டியது. ஆயினும் பூங்காவைப் பற்றிய விளக்கப் பலகைகளில் இதனைக் காண முடியாது.

கோலார் தங்கவயலின் ஆழ்சுரங்கங்களுக்குப் பெரும் ஆற்றல் தேவைப்பட்டது. அங்கே பாறையைத் துளைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர். அவர்களுள்ளும் மிகுதியானோர் ஊரில் நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்டுப் புறப்பட்டவர்கள். சிவசமுத்திரத்து அருவியில் மின்சாரம் எடுத்து அதைத் தங்கவயலுக்கு அனுப்பலாம் என்ற திட்டத்தை நிறைவேற்ற முனைந்த மைசூர்த் திவான் கு. சேஷாத்திரி ஐயர், பாலக்காட்டுத் தமிழர். 1901 இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு, 1902 ஜூன் இறுதியில், ஏறத்தாழ 92 மைல் நீளமுள்ள கம்பி வழியே மின்சாரம் தங்கவயலை அடைந்தது. அக்கால உலகில் அத்துணைத் தொலைவுக்கு மின்சாரம் சென்ற இடங்கள் மிகச் சிலவே. பெங்களூர்த் தெருக்களுக்கு விளக்கு வந்தது அதன்பின், 1905 இல்.

ஆனால் கோடையில் காவிரி மெலிந்தபோது அருவியும் மெலிந்தது, மின்சாரமும் மெலிந்தது. சுரங்கத்தாரோ குறைவற்ற மின்சாரம் கேட்டனர். ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நீர் விடவேண்டுமானால் மேலே எங்கேனும் நீரைத் தேக்கிவைத்தாக வேண்டும். 1909 இல் மைசூரின் தலைமைப் பொறியாளராய்ப் பொறுப்பேற்ற மோக்சகுண்டம் விசுவேசுவரையா, காவிரியோடு ஏமாவதியும் இலட்சுமண தீர்த்தமும் வந்து கூடும் இடத்துக்குச் சற்றுக் கீழே, கண்ணம்பாடி என்னும் சிற்றூரை அதற்குத் தேர்ந்தார். மண்டியாப் பகுதியின் வறண்ட நிலங்களுக்குப் பாசனம் என்பதும் அவர் உள்ளத்தில் இருந்தது. ஆயினும் அரசின் கருவூலத்தைத் திறந்த திறவுகோல்களில் ஒன்று தங்கவயலின் மின்தேவை என்பதில் ஐயமில்லை. பூமிக்கு அடியில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் வியர்த்த தமிழ்த் தொழிலாளிக்கும், நீரூற்றின் முன் நின்று நிழற்படம் எடுத்துக்கொள்ளும் இன்றைய இணையருக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது. தங்கவயல் 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டது. நீரூற்று இன்னும் எழும்புகிறது.

1911 நவம்பரில் வேலை தொடங்கியது. அடித்தளம் தோண்டுகையில் ஒரு பாரசீகக் கல்வெட்டுக் கிடைத்தது. அதே இடத்தில் ஓர் அணை கட்டத் திப்பு சுல்தான் 1794 இல் அடிக்கல் நாட்டிய செய்தி அதில் இருந்தது. புதிய நீரால் நிலத்தைத் திருத்தி உழுவோர்க்கு வரிச் சலுகை உண்டு என்னும் வாக்குறுதியும் இருந்தது. ஐந்து ஆண்டுகளில் திப்பு போரில் வீழ்ந்தார். அணை எண்ணத்தோடு நின்றது. அந்தக் கல் அணையின் அருகே இன்றும் வைக்கப்பட்டிருக்கிறது. வருவோரில் நூற்றில் ஒருவரேனும் அதன்முன் நிற்கிறாரோ என்பது ஐயமே.

பத்தாயிரம் பேர் உழைத்த பெரும்பணி அது. சிமெண்டு இன்றி, சுட்ட செங்கல் தூளையும் சுண்ணாம்பையும் சேர்த்தரைத்த சுர்க்கிக் காரையால் கருங்கல்லை இணைத்துக் கட்டினர். அணையின் நீளம் 8,600 அடி. உயரம் 130 அடி. நீர் குறித்த அளவைத் தாண்டினால் மனிதர் கை படாமல் தாமே திறந்துகொள்ளும் கதவுகளை விசுவேசுவரையா அமைத்தார். பூனாவை அடுத்த கடக்வாசலாவில் அவர் முன்னரே செய்துகாட்டிய உத்தி அது. பணமுடை வந்தபோது அரசர் நால்வடி கிருட்டிணராச உடையாரின் அன்னையார் தம் நகைகளை விற்கக் கொடுத்தார் என்று மைசூர் மக்கள் உருக்கத்தோடு சொல்வார்கள். நம் ஊர்க் கோயில்களுக்கும் குளங்களுக்கும் இப்படிப்பட்ட கதைகள் உண்டு. பெரிய கட்டுமானம் எதற்கும் ஒரு பெண்ணின் கழுத்து நகை வேண்டியிருக்கிறது, கதையிலாவது.

அணையின் உயரம் வெறும் பொறியியல் கணக்காக இருக்கவில்லை. 1892 இல் சென்னைக்கும் மைசூருக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, மேலே புதிய தேக்கம் கட்டக் கீழுள்ள சென்னையின் இசைவு வேண்டும். மைசூர் 41.5 ஆயிரம் மில்லியன் கன அடி தேக்க விரும்பியது. சென்னை மேட்டூரில் தனக்கோர் அணை எண்ணியிருந்ததால் இசையவில்லை. இந்திய அரசு 11 ஆயிரம் மில்லியன் கன அடிக்கு மட்டும் இசைவு தந்தது. மைசூரோ, முதலில் எண்ணிய பெரிய அணைக்கு ஏற்ற அகலத்திலேயே அடித்தளம் போட்டுக்கொண்டு போயிற்று. 1913 இல் நடுவர் விசாரணை வந்தது, தீர்ப்பு வந்தது, மேல்முறையீடு வந்தது. முடிவாக 1924 பிப்ரவரி 18 ஆம் நாள் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கண்ணம்பாடி முழு உயரத்துக்கு எழலாம். சென்னை மேட்டூரில் 93.5 ஆயிரம் மில்லியன் கன அடி கொள்ளும் அணையைக் கட்டலாம். ஒரே தாளில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் இவ்விரு அணைகள். மேட்டூரில் 1925 இல் பணி தொடங்கி 1934 ஆகஸ்டில் முடிந்தது. சென்னை ஆளுநர் சுடான்லியின் பெயர் அதற்கு இடப்பட்டது. கண்ணம்பாடி அணை அரசரின் பெயரால் கிருட்டிணராச சாகரம் ஆயிற்று. ஆயினும் மைசூர்ச் சிற்றூரார் வாயில் அது இன்றும் 'கன்னம்பாடிக் கட்டெ' தான்.

ஒப்பந்தம் கையெழுத்தாகிய இரண்டாம் ஆண்டில் மைசூர்த் திவானாகப் பொறுப்பேற்றவர் மிர்சா இசுமாயில். பாரசீக மரபில் வந்தவர். அரசரோடு சேர்ந்து படித்தவர். 1941 வரை பதவியில் இருந்தவர். அழுக்கான சந்தும் அழகற்ற மதிலும் அவர் கண்ணுக்கு ஆட்சிக் குறைகளாகவே பட்டன. அணையின் அடியில் மண்ணும் கல்லும் தோண்டிய பள்ளங்கள் புண்போலக் கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. 1927 இல் அவ்விடத்தில் பூங்கா வேலை தொடங்கி 1932 இல் நிறைவெய்தியது. முதலில் இட்ட பெயர் கிருட்டிணராசேந்திரப் படித்தளப் பூங்கா என்பது. மக்கள் நாவில் நின்றது பிருந்தாவனம்.

அதன் முன்மாதிரி காசுமீரத்துச் சாலிமார் தோட்டம். பேரரசர் சகாங்கீர் 1619 இல் தம் துணைவி நூர்சகானுக்காக அமைத்தது என்று அதனைச் சொல்வர். சரிவான நிலத்தைப் படிப்படியாகத் தளமிட்டு, நடுவே ஒரு நேர்க்கால்வாய் வெட்டி, ஒவ்வொரு படியிலும் நீரைச் சிற்றருவியாய் விழச் செய்து, இருபுறமும் மலர்ப்பாத்திகள் வைப்பது பாரசீகத் தோட்டக்கலை. பாலைநிலத்து மக்கள் நீரின் அருமை அறிந்து கண்ட கலை அது. ஒரு சொட்டும் கண்ணில் படாமல் ஓடிவிடக் கூடாது என்னும் எண்ணம் அதன் ஒவ்வொரு வளைவிலும் இருக்கிறது. பெங்களூர் லால்பாக் தோட்டத்தில் பணியாற்றிய செருமானியர் குரும்பீகல் என்பாரின் பெயரும் பிருந்தாவன அமைப்போடு சேர்த்துச் சொல்லப்படும். ஓர் இந்து அரசரின் நாட்டில், ஓர் இசுலாமியத் திவான், மொகலாயர் தோட்டத்தை மாதிரியாக வைத்து, செருமானியர் ஒருவரின் துணையோடு எழுப்பிய பூங்கா கண்ணனின் துளசிவனத்துப் பெயரைத் தாங்கி நிற்கிறது. அக்கால மைசூரின் பெருமையை அறிய இந்த ஒரு செய்தி போதும் என்பது நம் கருத்து.

ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்பு, மூன்று படித்தளங்கள். நம் இணையர் இப்போது உள்ளே நுழைந்துவிட்டார்கள் என்று கொள்வோம். வெயில் சாயும் நேரம். இடப்புறம் அணையின் கருங்கற்சுவர் நெடுந்தொலைவுக்கு நீண்டு கிடக்கிறது. அதன் மறுபுறம் கடல்போல் நீர் நிற்கிறது என்பது கீழே நிற்பவருக்குத் தெரியாது. முன்னாளில் அந்த அணையின் மேலேயே நடந்துவந்து, ஒருபக்கம் நீர்ப்பரப்பையும் மறுபக்கம் பூங்காவையும் காண்பதுண்டு. பாதுகாப்புக் கருதி இன்று பொதுமக்களை அவ்வழியே விடுவதில்லை. அது நமக்கு ஒரு குறையே. தேங்கிய நீரைக் காணாமல் துள்ளும் நீரை மட்டும் கண்டு திரும்புகிறவர், ஆற்றின் கதையில் பாதியைத்தான் அறிகிறார்.

நடுக்கால்வாயை ஒட்டி நடக்கிறார்கள். வரிசை வரிசையாய் நீரூற்றுகள். விலங்கு வடிவில் கத்தரித்த செடிகள், காகிதப்பூக் கொடி படர்ந்த பந்தல்கள், செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் நிறைந்த பாத்திகள். அணையின் அடியில் காவிரி அன்னையின் சிலை. புல்தரையில் துண்டு விரித்துப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றை எந்நாளும் காணலாம். அதன் அருகே அதே புளியோதரையைப் புளியோகரெ என்று சொல்லிப் பிரிக்கும் கன்னடக் குடும்பத்தையும் காணலாம். இந்தச் சுவைக்கும் ஒரு வரலாறு உண்டு. இங்கிருந்து வடக்கே மேல்கோட்டையில் இராமானுசர் பல்லாண்டுகள் தங்கினார். அவர் வழியினர் இன்றும் அங்கே ஆழ்வார் பாசுரங்களைத் தமிழில் ஓதுகின்றனர். காவிரியின் முதலரங்கம் சீரங்கப்பட்டணம், நடுவரங்கம் சிவசமுத்திரம், கடையரங்கம் நம் திருவரங்கம். ஒரே ஆறு, ஒரே பள்ளிகொண்டான், மூன்று தீவுகள்.

அந்தி மயங்கியதும் விளக்குகள் எரிகின்றன. நீரூற்றுகள் சிவப்பும் பச்சையும் நீலமுமாய் நிறம் மாறுகின்றன. சிறுகுளத்தைக் கடந்து வடபுறம் சென்றால் இசைக்கு ஏற்ப எழுந்து ஆடும் நீரூற்று. மின்சாரம் என்பதையே பல ஊர்கள் அறியாதிருந்த 1930களில் இந்த ஒளிநீரைக் கண்டவர் மனநிலையை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். பின்னர்த் திரைப்படக் கலைஞர் வந்தனர். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி என எம்மொழிப் படத்தின் காதல் பாட்டுக்கும் இந்தப் படிகளும் இந்த நீரூற்றுகளும் களமாயின. தமிழ்நாட்டில் அணை கட்டியவர்களும் இதனைப் பார்த்தே அடிவாரத்தில் பூங்கா வைத்தனர் போலும். 1958 இல் முடிந்த சாத்தனூர் அணையிலும், 1959 இல் முடிந்த வைகை அணையிலும் பூங்கா உண்டு. அங்கும் படப்பிடிப்பு நடந்தது. அங்கும் இணையர் கூட்டம் திரண்டது. பரிபாடல் பாடிய அதே வையையில் மீண்டும் இணையர் உலா! இடையில் கழிந்தவை பல நூற்றாண்டுகள்.

ஒளிநீரில் கண் கூசும் அந்த வேளையில், சுவருக்கு மறுபுறம் மூழ்கிக் கிடப்பதையும் சொல்லியாக வேண்டும். கண்ணம்பாடி என்னும் ஊரே அங்கே நீருக்குள் போயிற்று. சுற்றிலும் இருந்த ஊர்களும் போயின. ஆயிரக்கணக்கானோர் மேட்டுநிலத்துக்குப் பெயர்ந்தனர். போசளர் காலத்து வேணுகோபாலன் கோயில் ஒன்று நீரில் அமிழ்ந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் மட்டும் அதன் கல்மண்டபம் வெளிப்பட்டு நிற்கும். முன்னோர் வாழ்ந்த ஊரைக் காணப் பேரப்பிள்ளைகள் சேற்றில் நடந்து செல்வார்கள். அண்மைக் காலத்தில் ஓர் அறக்கட்டளையினர் அக்கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து, எண்ணிட்டு, நீர் எட்டாத கரையில் மீண்டும் எழுப்பினர். 2011 அளவில் அப்பணி நிறைவேறியது.

மேட்டூரிலும் இதே கதைதான். நீர் வற்றும்போது பண்ணவாடிப் பக்கத்தில் சலகண்டேசுவரர் கோயிலின் நந்தி தலைகாட்டும். பழைய கிறித்தவக் கோயிலின் இரட்டைக் கோபுரங்கள் எழுந்து நிற்கும். நந்தியின் தலை தெரிந்தது என்ற செய்தி நாளேட்டில் வந்தால் தஞ்சை உழவர் நெஞ்சு அடைக்கும். மேலே ஒரு கோயில், கீழே ஒரு கோயில். ஆற்றின் இருபுறத்து மக்களும் தம் தெய்வத்தை நீரிடம் கொடுத்தே நீரைப் பெற்றார்கள். இழப்பில் இருசாராரும் சமம் என்பதை வழக்காடிய எவரும் எடுத்துச் சொல்லியதாக நாம் கேட்டதில்லை.

வழக்கு என்றோம். 1924 ஒப்பந்தத்தின் சில கூறுகளை 50 ஆண்டுகளுக்குப் பின் மறுபரிசீலனை செய்யலாம் என்று இருந்தது. 1974 வந்தது. ஒப்பந்தமே முடிந்தது என்றது ஒருசாரார். மறுபரிசீலனைக்கு உரியது மட்டுமே முடிந்தது என்றது மறுசாரார். 1990 ஜூனில் நடுவர் மன்றம் அமைந்தது. 1991 ஜூனில் 205 ஆயிரம் மில்லியன் கன அடி விடவேண்டும் என்று இடைக்கால ஆணை பிறந்தது. அது அவ்வாண்டு டிசம்பரில் அரசிதழில் வெளிவந்ததும் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஆயிரக்கணக்கானோர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லை கடந்தனர். கூலிவேலைக்காகச் சென்று, அந்த மண்ணில் பிள்ளை பெற்று, அப்பிள்ளைகளுக்குக் கன்னடப் பள்ளியில் எழுத்தறிவித்த ஏழைகளே பெரும்பாலும் அடிபட்டவர்கள். அணைக் கதவை மூடவும் திறக்கவும் அவர்களுக்கு எந்தக் காலத்திலும் அதிகாரம் இருந்ததில்லை.

2007 பிப்ரவரியில் நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்தது. பிலிகுண்டுலுவில் அளந்து தமிழ்நாட்டுக்கு 192 ஆயிரம் மில்லியன் கன அடி விடவேண்டும் என்றது அது. 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அதனை 177.25 ஆகக் குறைத்தது. இடையே 2016 செப்டம்பரில் பழைய கலவரம் மீண்டும் தலைதூக்கியது. அத்திப்பள்ளி எல்லையில் பேருந்துகள் நின்றன. தமிழ்நாட்டுப் பதிவெண் தாங்கிய வண்டிகள் தீக்கு இரையாயின. அந்நாட்களில் பிருந்தாவனப் பூங்காவுக்கும் பார்வையாளரை விடவில்லை. நீரூற்றை நிறுத்திப் பூங்காக் கதவைச் சாத்தவேண்டிய அளவுக்கு ஓர் ஆற்றின் பெயரால் மனிதர் மனம் கொதிக்கும் என்று மிர்சா இசுமாயில் எண்ணியிருப்பாரோ! சாலிமாரைப் பார்த்து வரைந்த அமைதியான கோடுகளில் அதற்கு இடம் இல்லை.

மண்டியா உழவரின் கரும்பும் நெல்லும் கண்ணம்பாடி நீரையே நம்பியவை. தஞ்சை உழவரின் குறுவை, மேட்டூரில் ஜூன் 12 இல் கதவு திறக்குமா என்பதையே நம்பியது. இருவர் கணக்கும் பொய்யன்று. மழை நிறைந்த ஆண்டுகளில் இருவருக்கும் வழக்கே நினைவில்லை. மழை குறைந்த ஆண்டில்தான் பகிர்வு வேண்டும், அந்த ஆண்டில்தான் பகிர்வு கடினம். பற்றாக்குறைக் காலத்துக்கு இருதரப்பும் மனம் ஒப்பிய கணக்கு ஒன்று இன்னும் நிலைபெறவில்லை என்பதே சிக்கலின் வேர் என நாம் கருதுகிறோம். கோவலனும் மாதவியும் ஒருவர் பாட்டை மற்றவர் தத்தம் ஐயத்தின் வழியே கேட்டனர். இரு மாநிலங்களும் அப்படித்தான் ஒன்றன் சொல்லை மற்றொன்று நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றன.

மாதேஸ்வரன் மலைப் பாதையும் இடையில் அச்சம் சூழ்ந்து கிடந்ததுண்டு. வீரப்பன் அக்காட்டில் உலவிய ஆண்டுகளில், 1993 ஏப்ரலில் பாலாற்றருகே கண்ணிவெடியில் காவலரும் வனத்துறையினரும் மடிந்தனர். பொழுது சாய்ந்தபின் அவ்வழியே செல்ல அஞ்சினர். 2004 அக்டோபரில் அக்கதை முடிந்தது. 2013 இல் அக்காடு காட்டுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. இன்று புதுமணத் தம்பதியர் அச்சமின்றிப் போய்வருகின்றனர்; யானைக்கு மட்டும் வழிவிட்டால் போதும்.

பூங்காவில் விளக்கு அணைக்கும் நேரம் நெருங்குகிறது. நம் இணையர் வாயிலை நோக்கி நடக்கிறார்கள். கணவன் தமிழில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறான். அவள் சுற்றுமுற்றும் பார்க்காமலே மறுமொழி சொல்கிறாள். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் இப்பகுதியில் வாழ்ந்த நம்மவர் பொது இடத்தில் குரலைத் தாழ்த்திப் பேசினர். சிலர் பேசாமலே இருந்தனர். இந்த இருவருக்கும் அந்த எண்ணம் வரவில்லை. வாயிலருகே சோளக்கதிர் சுடும் மூதாட்டி கன்னடத்தில் விலை சொல்கிறாள். அவர்கள் தமிழில் குறைத்துக் கேட்கிறார்கள். மூவருக்கும் எல்லாம் விளங்குகிறது.

மறுநாள் அவர்கள் கொள்ளேகால் வழியே திரும்புவார்கள். மாலைக்குள் மலையையும் பாலாற்றையும் கடந்து மேட்டூர் சேர்ந்து, அணைக்கரையில் மீன் வறுவல் வாங்கித் தின்பார்கள். அவர்கள் கண்ணம்பாடியில் கண்ட அணைநீர் மதகு வழியே ஆற்றில் இறங்கினாலும், சீரங்கப்பட்டணமும் தலக்காடும் சிவசமுத்திரமும் ஒகேனக்கல்லும் தாண்டி அங்கே வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும்.